எட்டயபுரத்துக்காரர் சரி, ரசிகன் எதற்கு?

கிரிப்டிக் எனப்படும், விடையை நேராகச் சொல்லாமல் ஒளித்துவைக்கும் குறுக்கெழுத்தில் “பாதியில் ரசிகன் தலையிட, பாடிய எட்டயபுரத்துக்காரர் (3)” என்று ஒரு குறிப்பைப் பார்த்தீர்கள். எட்டயபுரம் என்றதும் பாரதி என்று எழுதிவிட்டீர்கள், அடைப்புக்குறிக்குள் சொன்னபடி மூன்றெழுத்து, கட்டத்திலும் சரியாக உட்கார்ந்தது. ஆனால் அந்த ரசிகனுக்கு அங்கே என்ன வேலை என்று புரியவில்லை. அடுத்து “சிவா, திரும்பிப் படி (2)” என்று ஒன்று. அதில் பிடித்துக்கொள்ள ஒரு நுனிகூடக் கிடைக்கவில்லை. இதற்கெல்லாம் முறை என்று ஏதாவது உண்டா, இல்லை அமைத்தவர் மனதில் நினைத்ததை நாம் ஊகிக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். ‘இந்த ஆட்டம் நியாயமானதுதானா’ என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நான் பல வருடங்களாக இந்தப் புதிர்களைப் போட்டுவருகிறேன், நண்பர்கள் குழுவுக்கு அவ்வப்போது அமைத்தும் தருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்வது இது.

முறை உண்டு, அதுவும் கறாரான முறை. நல்ல குறிப்பு ஒவ்வொன்றிலும் இரண்டு பாதி இருக்கும். ஒரு பாதி விடைக்கு நேரான பொருள், சாதாரணக் குறுக்கெழுத்தில் வருகிற மாதிரி. மற்றப் பாதி அதே விடையை எழுத்து எழுத்தாகக் கட்டிக் காட்டும் சொல்விளையாட்டு. இரண்டும் தனித்தனியாக ஒரே சொல்லில் போய் முடிய வேண்டும். நேர்பொருள் எப்போதும் குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், இல்லாவிட்டால் கடைசியில் இருக்கும். நடுவில் வரவே வராது. இந்த இரண்டையும் தவிர வேறு சரக்கு இருக்கக்கூடாது, இரண்டையும் ஒட்டவைக்க ஒரு சிறு இணைப்புச் சொல் வேண்டுமானால் வரலாம். வாக்கியமாகப் படிக்கும்போது நம் மனதில் ஒரு காட்சி தோன்றுகிறதே, யாரோ பாடிக்கொண்டிருக்கிறார், ரசிகர் ஒருவர் நடுவில் குறுக்கிடுகிறார் என்று, அது முழுக்க ஏமாற்று. அமைப்பவர் பாடுபட்டு உண்டாக்கியது அந்தக் காட்சியைத்தான். நம் வேலை அதை நம்பாமல் இருப்பது.

இப்போது அந்தக் குறிப்பைப் பிரியுங்கள். “பாடிய எட்டயபுரத்துக்காரர்” நேர்பொருள், அதை நீங்களே பிடித்துவிட்டீர்கள். மிச்சம் “பாதியில் ரசிகன் தலையிட”. ‘தலையிட’ என்பதைத் ‘தலை இட’ என்று இரண்டாக உடைத்தால், ரசிகனின் தலையை இடு என்று ஆகிறது. ரசிகன் என்ற சொல்லின் தலை ‘ர’. எங்கே இட வேண்டும்? பாதியில். அரைவாசி என்ற பொருளில் அல்ல, ‘பாதி’ என்ற அந்தச் சொல்லுக்குள்ளேயே. பா, தி இரண்டுக்கும் நடுவே ர வைத்தால் பாரதி. குறிப்பில் ஒரு சொல்லும் வீணாகவில்லை பாருங்கள். விடை தெரிந்த பிறகும் ஏதாவது ஒரு சொல் வேலையில்லாமல் நின்றால், ஒன்று நமக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை, அல்லது அமைத்தவர் சோம்பேறி.

இரண்டாவது இன்னும் எளிது, சின்னதாக இருப்பதால்தான் மிரட்டுகிறது. யாரோ சிவா என்ற பையனைத் திரும்பி உட்கார்ந்து படிக்கச் சொல்கிற மாதிரி இருக்கிறது. ‘சிவா’ என்பதை எழுத்து வரிசையில் திருப்பினால் ‘வாசி’. வாசி என்றால் படி. சித்தர்களின் மூச்சுப் பயிற்சியில் வாசியையும் சிவாவையும் இப்படிச் சேர்த்துப் பேசுவது பழைய வழக்கம். அமைத்தவர் அங்கிருந்து எடுத்திருக்கலாம். இங்கே கவனிக்க வேண்டியது ‘படி’. மாடிப்படி, அரிசி அளக்கிற படி, ‘சொன்னபடி’யில் வருகிற படி என்று அது பலவாக நிற்கும். இரண்டு மூன்று பொருள் உள்ள சின்னச் சொல் குறிப்பின் முனையில் நின்றால் அங்கே சந்தேகப்படுங்கள். நேர்பொருளை ஒளித்துவைக்க அதைவிட வசதியான இடம் கிடையாது.

இது வெள்ளைக்காரன் விளையாட்டு, தமிழுக்கு ஒட்டாது என்று சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். குறுக்கும் நெடுக்குமான கட்டம் அங்கிருந்து வந்ததுதான், சந்தேகமில்லை. ஆனால் குறிப்பின் உள்ளே நடக்கிற காரியம் நம்மிடம் எப்போதோ இருந்தது. தண்டியலங்காரம் என்ற பழைய அணியிலக்கண நூல், எழுத்துகளை வைத்து வித்தை காட்டும் சித்திரகவிகளைச் சொல்லும் இடத்தில் ‘வினாவுத்தரம்’ என்று ஒரு வகையைச் சொல்கிறது. அதற்கு உதாரணமாக வரும் வெண்பா வரிசையாகச் சில கேள்விகள் கேட்கிறது: தாமரையில் இருப்பவள் யார்? ஒருவனைப் போகச் சொல்ல என்ன சொல்வார்கள்? போரில் எய்யும் சரத்துக்கு என்ன பெயர்? அழகுக்கு இன்னொரு பெயர் என்ன? கடைசியில், பிறை சூடிய பெருமான் விரும்பி உறையும் இடம் எது? முதல் நான்குக்கும் விடை திரு, ஏகு, அம்பு, அம். நான்கையும் சேர்த்துப் படித்தால் ஐந்தாவதற்கு விடை: திருவேகம்பம், அதாவது காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் கோயில். துண்டு துண்டாகச் சொல்லைக் கட்டி, நேர்பொருளைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். இன்றைய கிரிப்டிக் குறிப்பும் அச்சு அசல் இதே அமைப்புத்தான். அந்தப் பட்டியலிலேயே எழுத்துகளை நீக்கி நீக்கிப் புதுச் சொல் காட்டும் அக்கரச்சுதகம் இருக்கிறது, எழுத்தைக் கூட்டிக் காட்டும் எழுத்துவருத்தனம் இருக்கிறது, ஒன்றுக்குள் இன்னொன்றை ஒளிக்கும் கரந்துறைச் செய்யுள் இருக்கிறது, எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் மாலைமாற்றும் இருக்கிறது. சம்பந்தர் பாடிய மாலைமாற்றுப் பதிகத்தைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

ஔவையார் கதை இன்னும் சுவாரசியம். கம்பர் அவரை ‘அடி’ போட்டு ஒரு விடுகதை கேட்டார், ஒற்றைக் காலில் நாலு இலைப் பந்தல் என்று. ஔவை திருப்பிக் கொடுத்த பதிலில் முதல் வசை “எட்டேகால் லட்சணமே”. தமிழ் எண்ணில் எட்டுக்கு ‘அ’, கால் என்ற பின்னத்துக்கு ‘வ’. ஆக, அவலட்சணமே. அடுத்து எமன் ஏறும் பரி என்றார், அது எருமை. பெரியம்மையின் வாகனம் என்றார். ஸ்ரீதேவிக்கு அக்காள் மூதேவி, அவள் ஏறுவது கழுதை. ராமன் தூதன் என்று குரங்கையும் விடவில்லை. கடைசியில் ‘ஆரையடா சொன்னாய்’ என்று முடித்தார். யாரைப் பார்த்து ‘அடி’ என்றாய் என்ற கேள்வியும் அதில் இருக்கிறது, நீ சொன்னது ஆரைக்கீரை என்ற விடையும் இருக்கிறது. இரண்டு பொருளும் ஒரே சொல்லில். இது நடந்த சம்பவமா என்று கேட்டால் நான் வாதாட மாட்டேன்; ஔவையார் பெயரிலும் கம்பர் பெயரிலும் உலவும் தனிப்பாடல் கதைகளை வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் பாட்டு இருக்கிறது, அதற்குள் கிரிப்டிக் குறிப்பின் பாதி வித்தைகளும் இருக்கின்றன.

இனி கட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நியாயம் பற்றிய உங்கள் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. முதல் குறுக்கெழுத்து 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ பத்திரிகையில் வந்தது. அமைத்தவர் லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின். அதில் எல்லாம் நேரான குறிப்புகள்தான். அதைத் திருகலாக மாற்றியவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். 1926 முதல் ‘அப்சர்வர்’ பத்திரிகையில் எட்வர்ட் போவிஸ் மாதர்ஸ் என்பவர் டார்க்கமாடா என்ற பெயரில் புதிர் அமைத்தார். ஸ்பெயினில் மதவிசாரணை நடத்திய கொடியவரின் பெயர் அது. போடுபவர்களை வதைக்கிறோம் என்று பெருமையாகவே வைத்துக்கொண்டார். அவர் காலத்தில் விதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நீங்கள் சந்தேகப்பட்ட மாதிரி, அமைப்பவர் மனதில் நினைத்ததை ஊகிக்க வேண்டிய நிலை அன்று நிஜமாகவே இருந்தது. 1939இல் அவர் இறந்த பிறகு அந்த இடத்துக்கு வந்த டெரிக் மக்நட் என்ற பள்ளி ஆசிரியர், இன்னொரு விசாரணைக்காரர் பெயரான ஜிமெனீஸ் என்பதை வைத்துக்கொண்டார். ஆனால் அவர்தான் விதிகளைக் கறாராக்கியவர். 1966இல் புத்தகமாகவே எழுதிவைத்தார். துல்லியமான நேர்பொருள் ஒன்று, நியாயமான சொல்விளையாட்டு ஒன்று, வேறு எதுவும் கூடாது என்பது அவர் போட்ட கோடு. அவருக்கு முன்பே, 1949இல், அஃப்ரிட் என்ற இன்னொருவர் சொன்னதும் இன்றுவரை வேதவாக்கு: அமைப்பவர் தான் சொல்வதை அப்படியே பொருள்படுத்த வேண்டியதில்லை, ஆனால் தான் பொருள்படுத்துவதைச் சொல்லியே ஆக வேண்டும். ஜிமெனீசுக்குப் பிறகு 1972இல் வந்தவர் பெயர் ஏசெட். டேசா என்ற விசாரணைக்காரரின் பெயரை ஆங்கில எழுத்துகளில் திருப்பிப்போட்டால் அது வரும். பெயரிலேயே ‘சிவா, திரும்பி’ வித்தை!

சரி, நடைமுறைக்கு வருவோம். சொல்விளையாட்டு எத்தனையோ விதமாக வந்தாலும் அடிப்படை வகைகள் கொஞ்சம்தான். ஒவ்வொன்றுக்கும் குறிப்பிலேயே ஒரு சாடை இருக்கும், அந்தச் சாடையைப் பிடிக்கப் பழகுவதில்தான் பாதி வித்தை. “குழம்பிய நகரம் பாவிகள் போய்ச் சேருமிடம் (4)” என்று வந்தால், ‘குழம்பிய’ என்பது சாடை. நகரத்தின் எழுத்துகளைக் குழப்பு என்கிறது, நரகம். கலைந்த, சிதறிய, தடுமாறும், புரண்ட, கெட்டுப்போன, போதையில் என்று எந்தச் சொல் ஒழுங்கின்மையைச் சொன்னாலும் இந்த வகையாக இருக்கலாம். “பொங்கு திரைக்குள் மறைந்து லாயத்தில் நிற்பது (3)” என்றால் கடலுக்குப் போகாதீர்கள். விடை கண்முன்னே எழுதியிருக்கிறது: பொங்‘கு திரை’க்குள் குதிரை. புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதலில் தேட வேண்டிய வகை இதுதான். விடை அச்சாகியே இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது, ஏனென்றால் நம் கண் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மதித்துப் பழகிவிட்டது.

“பொழுது சாய்கையில் கழுத்தில் விழும் (2)” என்பதில் சொல்விளையாட்டே இல்லை, இரண்டு நேர்பொருள்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, மாலை. “தலை போன” “வாலறுந்த” “இடையில்லாத” என்பவை எழுத்தை நீக்கச் சொல்பவை. இந்த உடலுறுப்புச் சொற்கள் தமிழ்ப் புதிரில் மிக அதிகம். தலை, முகம், உச்சி என்றால் முதல் எழுத்து. வால், கடை, அடி என்றால் கடைசி எழுத்து. இடை, வயிறு, இதயம் என்றால் நடு. ‘மருந்துக் கடை’ என்று குறிப்பில் வந்தால் எனக்கு மாத்திரை ஞாபகமே வராது, ‘து’தான் ஞாபகம் வரும். வீட்டில் இதற்காகக் கேலி உண்டு.

பாதி என்ற சொல்லுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் உங்களைப் போன்ற புத்திசாலிகள் சிக்கிக்கொள்வது இங்கேதான். “கதைக்குள் பாதி வில் நுழைந்தால் புலவர் படைப்பு (3)” என்ற குறிப்பைப் பாருங்கள். வில்லில் இரண்டு எழுத்து, அதில் பாதி ‘வி’. அதைக் கதைக்குள் நுழைத்தால் கவிதை. இங்கே ‘பாதி’ ஒரு கட்டளை. பாரதி குறிப்பில் அதே ‘பாதி’ கட்டளை இல்லை, அது சரக்கு, அதன் எழுத்துகள் அப்படியே விடைக்குள் போகின்றன. ஆக, ஒவ்வொரு சொல்லைப் பார்த்தும் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: இது என்னை ஏதாவது செய்யச் சொல்கிறதா? இதன் எழுத்துகளை அப்படியே எடுத்துக்கொள்ளவா? இல்லை இதற்கு வேறொரு சொல்லைப் பதிலாகப் போட வேண்டுமா? பெரும்பாலும் மூன்றாவதைத்தான் முதலில் முயன்று தோற்றுப்போவோம். நான் இன்றும் ஒரு குறிப்பில் அசையாமல் நின்றால், எந்தச் சொல்லைக் கட்டளை என்று நம்பிக்கொண்டிருக்கிறேனோ அதைச் சரக்காகவும், சரக்கு என்று நம்புவதைக் கட்டளையாகவும் மாற்றிப் பார்ப்பேன். பல நேரம் அதிலேயே முடிச்சு அவிழும்.

தமிழில் மட்டுமே செய்ய முடிகிற சில காரியங்கள் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தவை அவை. “காலொடிந்த பாடம் சுவரில் தொங்கும் (3)”: பாடத்திலுள்ள துணைக்காலை ஒடித்தால் படம். “பாட்டுக்குக் கொம்பு முளைத்தால் மங்கை (2)”: பாட்டு என்பதற்குப் பண், அதற்கு ஒற்றைக்கொம்பு போட்டால் பெண். உயிர், மெய், புள்ளி, குறில், நெடில் என்று எழுத்திலக்கணச் சொல் ஒவ்வொன்றுக்கும் வெளியுலகில் வேறு பொருள் இருப்பது அமைப்பவருக்குக் கிடைத்த வரம். எண்களும் அப்படியே. ஒன்றுக்கு க, இரண்டுக்கு உ, ஏழுக்கு எ, எட்டுக்கு அ, பத்துக்கு ய என்று ஔவை காட்டிய வழியில் இன்றும் போகிறார்கள். “எட்டுப் பாத்திரத்தின் குறுக்களவு (4)” என்றால் அ, அதையடுத்துக் கலம், அகலம்.

மறுபக்கம், ஆங்கிலத்தில் உள்ள சில வசதிகள் நமக்கு இல்லை. அங்கே டாக்டர் என்று குறிப்பில் வந்தால் டி, ஆர் என்ற இரண்டு எழுத்தைப் போட்டுக்கொள்ளலாம். திசைகளுக்கும் ரசாயனத் தனிமங்களுக்கும் ஓரெழுத்து, ஈரெழுத்துச் சுருக்கங்கள் ஏராளம். எழுத்து ஒன்றும் உச்சரிப்பு ஒன்றுமாக இருக்கிற மொழி என்பதால் ஒலி ஒன்றாகி எழுத்து வேறாகும் சொற்களை வைத்து ஒரு தனி வகையே நடக்கிறது. தமிழில் எழுதியபடி படிக்கிறோம், அந்த வகைக்கு இடமில்லை. பள்ளிக்குப் பல்லியைப் போட்டுப் ‘பேச்சில்’ என்று சாடை காட்டுபவர்கள் இருக்கிறார்கள்தான். லகர ளகரம் மாற்றிப் பேசுகிறவர்களின் காதுக்குத்தான் அது ஒன்று; எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலத்திலிருந்து தாராளமாக இங்கே கொண்டுவரக்கூடியது நேர்பொருளைத் திரிக்கும் குறும்பு. அவர்கள் ‘ஃப்ளவர்’ என்று எழுதிப் பூவை நினைக்கவைத்து, ‘ஓடுவது’ என்று அதைப் பிரித்து, விடையாக ஓர் ஆற்றின் பெயரைக் கேட்பார்கள். நம்மிடம் ‘ஆறு’ என்ற சொல்லே எண்ணாகவும் நதியாகவும் வழியாகவும் தணி என்ற ஏவலாகவும் நிற்கிறதே, அது போதாதா?

நான் இதுவரை உறுதியாகச் சொன்னது இரண்டு பாதி, நேர்பொருள் முனையில், வீண்சொல் கூடாது என்ற மூன்றும்தான். இந்த மூன்றையும் யாரும் மறுக்க மாட்டார்கள். இதற்கு மேல் தமிழில் பல விஷயங்கள் இன்னும் தீர்மானமாகவில்லை, அமைப்பவருக்கு அமைப்பவர் மாறும். உதாரணமாக, சொற்கள் சேரும்போது தோன்றும் ஒற்றை என்ன செய்வது? ‘பாட்டுக் கச்சேரி’யில் நடுவில் நிற்கும் க் எழுத்துக் கணக்கில் சேருமா? நான் சேர்ப்பதில்லை, சேர்க்கிறவர்கள் உண்டு. கட்டத்துக்கு ஓர் எழுத்து, அதை உடைக்கக்கூடாது என்பவர்கள் கால் ஒடிப்பதையும் கொம்பு முளைப்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாத்திரைச் சுருக்கம் என்று நெடிலைக் குறிலாக்கிப் பொருள் மாற்றும் வித்தை சித்திரகவியிலேயே இருப்பதால் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சொல்லின் விகுதி இன்னொரு தகராறு. “சோலை பரப்பும் ஆறு (3)” என்பது நான் மிகவும் ரசிக்கும் வகை: கா என்றால் சோலை, விரி என்றால் பரப்பு, காவிரி. குறிப்பு முழுவதும் சொல்விளையாட்டாகவும் முழுவதும் நேர்பொருளாகவும் ஒரே நேரத்தில் நிற்கிறது. ஆனால் ‘பரப்பு’ என்றால்தானே விரி, ‘பரப்பும்’ என்றால் விரியும் அல்லவா என்று கறாரானவர் கேட்பார். கேட்கட்டும். காவிரிக்கு அந்தப் பெயர் உண்மையிலேயே சோலை விரித்துப் போவதால் வந்ததா என்பது சொல்லாராய்ச்சிக்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது. புதிருக்கு அது அவசியமில்லை.

உட்கார்ந்து போடும்போது நான் செய்கிற வரிசையைச் சொல்கிறேன். முதலில் எல்லாக் குறிப்புகளையும் ஒரு தடவை வேகமாக ஓட்டிவிடுவேன், எதிலும் நிற்க மாட்டேன். ஒளிந்திருக்கும் விடை, எழுத்துக் கலைத்த விடை என்று எளிதாக விழுபவை இரண்டு மூன்று கிடைக்கும். அப்புறம் அவற்றைக் குறுக்கே வெட்டும் குறிப்புகளுக்குப் போவேன். இங்கே தமிழில் போடுபவருக்குப் பெரிய சாதகம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஒரு கட்டம் நிரம்பினால் 26 எழுத்தில் ஒன்று தெரிகிறது. நமக்கு 247இல் ஒன்று. ‘மை’ என்றோ ‘ழி’ என்றோ ஓர் எழுத்து விழுந்தாலே விடைகளின் கூட்டம் சட்டென்று சுருங்கிவிடும். பள்ளிக்கூடத்து இலக்கணமும் இங்கே கைகொடுக்கும். ஒரு கட்டத்தில் க், ச், த், ப் என்று வல்லின மெய் வந்தால் அடுத்த கட்டத்தில் அதே இனத்து எழுத்துத்தான் வரும். பக்தி, சப்தம் மாதிரி வடசொல்லாக இருந்தால் தவிர. ட், ற் மட்டும் கொஞ்சம் தாராளம். கட்சி, நட்பு, முயற்சி, கற்பு என்று க, ச, ப வரிசைகளையும் பக்கத்தில் விடும். ங் வந்தால் பின்னாலேயே ககர வரிசை. சொல்லின் முதல் கட்டத்தில் புள்ளி வைத்த எழுத்து வராது. ட, ண, ழ, ள, ற, ன வரிசைகளும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. உங்கள் கட்டத்தில் அப்படி வந்தால், வெட்டிப்போகும் விடையைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள், அல்லது அது டமாரம், டம்ளர் மாதிரி ஒரு சொல்.

ஒரு குறிப்பில் நின்றுவிட்டால், முதல் சொல்லை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கள். பிறகு கடைசிச் சொல்லை மறைத்துப் படியுங்கள். மறைத்த சொல்தான் நேர்பொருள் என்று வைத்துக்கொண்டு அதற்குரிய எழுத்து எண்ணிக்கையில் வேறு சொற்களை யோசியுங்கள். இதைச் செய்யும்போது வாக்கியத்தின் பொய்க்காட்சி தானாகவே உடைந்துவிடும், அதற்காகத்தான் கை. நிறுத்தக்குறிகளை மதிக்க வேண்டாம். காற்புள்ளி எல்லாம் பெரும்பாலும் திசைதிருப்பத்தான். விடையை முதலில் ஊகித்துப் பின்னால் காரணம் கண்டுபிடிப்பதில் தப்பொன்றும் இல்லை, நீங்கள் பாரதிக்குச் செய்தது அதுதான், எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் காரணம் விளங்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். ஒரு குறிப்பைக் கடைசி எழுத்துவரை பிரித்துப் பார்த்தால் கிடைக்கிற பயிற்சி, பத்து விடைகளை ஊகித்தால் கிடைக்காது.

சொல்வளம் நிறைய வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். நீங்கள் நினைக்கிற அளவுக்கு வேண்டாம். இந்தப் பதிலில் வந்த விடைகளைப் பாருங்கள், ஒன்றுகூடத் தெரியாத சொல் இல்லை. கா, மா, கோ, தா, ஏ, வை என்று ஓரெழுத்தில் நிற்கும் பழைய சொற்களை மட்டும் பொருளோடு தெரிந்துவைத்துக்கொண்டால் போதும், கட்டுமானத்துக்கு இவைதான் செங்கல். அகராதி பார்க்கலாமா என்றால், தாராளமாக. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இணையத்திலேயே தேடக் கிடைக்கிறது. விடையை உறுதிசெய்ய அதைத்தான் நானும் திறக்கிறேன். பழகுவதற்கு, அமெரிக்காவிலிருந்து வரும் தென்றல் மாத இதழில் வந்த தமிழ்ப் புதிர்கள் நல்ல பள்ளிக்கூடம். ஆங்கிலத்திலும் முயல விரும்பினால் ‘தி இந்து’ நாளிதழில் வரும் கிரிப்டிக் போதுமானது. ஏசெட் போன்றவர்கள் அமைத்த உச்சக்கட்டப் புதிர்களை என்னால் முழுதாக முடிக்க முடிவதில்லை, அதனால் அந்த ரகத்தைப் பற்றி என்னிடம் யோசனை கேட்காதீர்கள்.

கைப்பழக்கத்துக்கு மூன்று தருகிறேன், மூன்றும் நானே அமைத்தவை. “தலை போன சமையலில் மோகம் (3)”. “மன்னன் தலையை அடுத்து வெள்ளைக்காரர் வாழ்ந்த ஊர் (3)”. “கண்ணுக்கு இடுவதும் கொடையும் சேருமிடத்தில் விளையாடலாம் (4)”. முதலாவதற்கு வேண்டிய சாடையை மேலேயே சொல்லியாகிவிட்டது. இரண்டாவதில் அந்த வெள்ளைக்காரரை நம் ஊரில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று யோசியுங்கள். மூன்றாவதற்கு உதவி வேண்டாம். விடையை மட்டும் எழுதாமல், எந்தச் சொல் கட்டளை, எது சரக்கு, எது நேர்பொருள் என்று பிரித்து எழுதுங்கள். எங்கே தடுக்கியது என்று பார்த்துச் சொல்கிறேன்.